மயங்கி விழுபவர் பலவீனரா? இரத்ததானத்தில் ஒரு பழைய கேள்வியின் கதை

கோயில் மண்டபத்திலோ சமூக மன்றத்திலோ இரத்ததான முகாம் நடக்கும்போது இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் உடம்பை ஏற்றி வைத்திருக்கும் 22 வயது இளைஞர் ஒருவர் கட்டிலில் படுக்கிறார். ஊசி ஏறுகிறது, பை நிறைகிறது, எல்லாம் ஒழுங்காக முடிகிறது. எழுந்து மைலோ வாங்கப் போகும்போது முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, அப்படியே சரிந்துவிடுகிறார். பக்கத்துக் கட்டிலில் இருந்த 50 வயது அம்மாவோ ரொட்டியைத் தின்றுவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து பிடிக்கப் போய்விடுகிறார்.

உடனே தீர்ப்புகள் கிளம்பும். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான் என்பார் ஒருவர். ஊசிக்குப் பயந்தவன் என்பார் இன்னொருவர். பார்க்கத்தான் ஆள், உள்ளே சத்து இல்லை என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். யாராவது கோடாலித் தைலத்தை எடுத்து மூக்கில் தேய்ப்பார்கள். நண்பர்கள் கைத்தொலைபேசியில் எடுத்த படம் ஒரு மாதம் சுற்றும். அந்த இளைஞர் அதற்குப் பிறகு இரத்ததான முகாம் பக்கமே தலைகாட்ட மாட்டார்.

இரத்த வங்கி நடத்துகிறவர்களுக்கு உண்மையான இழப்பு அங்கேதான். மயக்கம் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். போனவர் திரும்பி வராததுதான் பெரிய சங்கதி. லேசான தலைச்சுற்றல் வந்தவர்கள்கூட மறுமுறை வருவது குறைகிறது என்பதை ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. 18 வயதில் முதன்முறையாகக் கொடுக்க வந்தவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை என்று 60 வயது வரை கொடுத்தால் கணக்கு நூறைத் தொடும். ஒரு நாள் பட்ட வெட்கத்தால் அந்த நூறும் போகிறது.

ஆகவே அவர் ஏன் விழுந்தார் என்ற கேள்விக்குச் சரியான பதில் வேண்டும். அந்தப் பதிலைத் தேடிய வரலாறு இரத்த வங்கிகளைவிட மிகப் பழையது. கொஞ்சம் விசித்திரமானதும்கூட.

மயங்கினால்தான் வைத்தியம்

இன்று யாராவது மயங்கினால் தாதியர் ஓடி வருகிறார்கள். ஒரு காலத்தில் மயக்கம் வந்தால்தான் வைத்தியம் சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், கடுமையான காய்ச்சல்களில் நோயாளி மயங்கும்வரை இரத்தத்தை வெளியேற்றலாம் என்றார். உடலில் நான்கு திரவங்கள் இருக்கின்றன, அவற்றின் அளவு கெடும்போது நோய் வருகிறது என்பது அன்றைய கொள்கை. மயக்கம் வந்ததும் உடல் குளிர்கிறது, வியர்க்கிறது, நாடி தணிகிறது. காய்ச்சலில் கொதித்துக் கிடந்தவர் சற்று நேரம் அமைதியாகக் கிடக்கிறார். பார்ப்பவர்களுக்கு நோய் இறங்கிவிட்டது போலவே தோன்றும். இந்த ஒரு தோற்றத்தை நம்பி ஐரோப்பிய மருத்துவம் 1,600 ஆண்டுகளுக்கு மேல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கத்தியைப் பிடித்தவர்களில் பலர் முடிதிருத்துபவர்கள். நம் ஊர் முடிதிருத்தகங்களின் வாசலில் இன்றும் சிவப்பும் வெள்ளையுமாகச் சுழல்கிறதே ஒரு கம்பம், அதன் பூர்வீகம் இதுதான் என்று சொல்வார்கள். கையில் நாளம் புடைத்துத் தெரிவதற்காக நோயாளி இறுகப் பிடித்துக்கொண்ட கோலும், அதில் சுற்றிக் காயப்போட்ட கட்டுத்துணிகளும்தான் அந்தக் கம்பமாக மாறினவாம். கோலை இறுகப் பிடிப்பது என்ற இந்தச் சின்ன விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது வேறு வேடத்தில் திரும்பி வருகிறது.

படித்தவர்களும் இதில் விலக்கில்லை. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் 1776ஆம் ஆண்டு கையெழுத்திட்டவர்களில் ஒருவரான டாக்டர் பெஞ்சமின் ரஷ், 1793இல் பிலடெல்பியா நகரை மஞ்சள் காய்ச்சல் தாக்கியபோது ஊரைவிட்டு ஓடாமல் நின்று நோயாளிகளைப் பார்த்தார். அந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். ஆனால் மனித உடலில் இருக்கும் இரத்தத்தை உண்மை அளவைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் கணக்கிட்டுக்கொண்டு, அந்தத் தவறான கணக்கின்படி நோயாளிகளிடமிருந்து இரத்தத்தை இறக்கினார். முன்னாள் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14ஆம் தேதி இறந்தபோது அவரிடமிருந்தும் ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் இரத்தம் எடுக்கப்பட்டிருந்தது என்று பிற்காலத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் மார்ஷல் ஹால் என்ற மருத்துவர் இந்த ஊதாரித்தனத்தை எதிர்த்தார். 1830இல் அவர் எழுதிய நூலே இரத்த இழப்பின் விளைவுகளைப் பற்றியதுதான். அவர் கண்டுபிடித்த உபாயம், நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து இரத்தம் எடுப்பது. படுத்திருப்பவரைவிட நிமிர்ந்திருப்பவர் சீக்கிரம் மயங்குவார். மயக்கத்தின் முதல் அறிகுறி தெரிந்தவுடன் நிறுத்திவிடலாம். அதிகமாக எடுத்துவிடும் ஆபத்து குறையும். எண்ணிப் பாருங்கள், ஒரு நல்ல மனிதர் நோயாளியைக் காப்பாற்றுவதற்காகவே அவரை விரைவில் மயங்கவைத்தார். நிற்கும்போதும் உட்காரும்போதும் மயக்கம் சுலபம், படுத்தால் கடினம் என்பதை முறையாகப் பயன்படுத்தியவர் அவர். இன்று தானம் செய்பவரைச் சாய்த்துப் படுக்கவைப்பது அதே உண்மையின் மறுபக்கம்.

இதற்கெல்லாம் முன்பே, 1773இல், லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் ஒரு பெண்மணிக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மயங்கிவிட்டார். மயங்கிய நேரத்தில் நாளத்திலிருந்து வந்த இரத்தத்தின் நிறம் மாறியதை ஹன்டர் கவனித்தார். கறுத்து வரவேண்டிய இரத்தம் பளிச்சென்ற செந்நிறத்தில் வந்தது. உடல் முழுதும் சுற்றிப் பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் இரத்தம் கறுத்துத்தான் இருக்கவேண்டும். மயக்கத்தில் மட்டும் ஏன் சிவப்பாக வந்தது? ஹன்டர் குறித்து வைத்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1794இல், அவருடைய நூலும் வெளிவந்தது. ஆனால் அந்தச் சிவப்பு நிறத்துக்கு விளக்கம் சொல்ல அடுத்த 150 ஆண்டுகளுக்கு ஆள் இல்லை.

கொடுப்பவர் என்ற புது மனிதர்

இதுவரை சொன்னதில் மயங்கியவர்கள் எல்லாரும் நோயாளிகள். காய்ச்சலும் வலியும் பட்டினியும் உள்ளவர் மயங்கினால் காரணத்தை நோயின் தலையில் போட்டுவிடலாம். நல்ல ஆரோக்கியமான ஒருவர், இன்னொருவருக்காக இரத்தம் கொடுக்கும்போது மயங்கினால்? அந்தக் கேள்வி எழ வேண்டுமானால் முதலில் இரத்தம் கொடுப்பவர் என்று ஒருவர் தோன்றவேண்டும்.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜேம்ஸ் பிளண்டெல், பிரசவத்தில் இரத்தப்போக்கால் பெண்கள் சாவதைப் பார்த்து மனம் நொந்து, 1818 முதல் மனித இரத்தத்தை மனிதருக்குச் செலுத்திப் பார்த்தார். 1829இல் அவர் வெளியிட்ட ஒரு கருவியின் படம் பிரபலமானது. அதில் நோயாளி படுத்திருக்கிறார். இரத்தம் கொடுப்பவர் நின்றபடியே கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்! மார்ஷல் ஹால் சொன்னது உண்மையானால், மயங்குவதற்கு இதைவிடத் தோதான நிலை கிடையாது.

கார்ல் லேண்ட்ஸ்டைனர் இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்து 1901இல் வெளியிட்ட பிறகுதான் இரத்தம் ஏற்றுவது ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் 1908 வாக்கில் அலெக்சிஸ் கேரல் போன்றவர்கள் செய்த நேரடி முறையில், கொடுப்பவரின் தமனியை வெட்டி வாங்குபவரின் நாளத்தோடு சேர்த்துத் தைக்கவேண்டும். எவ்வளவு போகிறது என்று அளக்க வழியில்லை. கொடுப்பவரின் முகம் வெளுப்பதுதான் ஏறக்குறைய அளவுகோல். 1914, 1915ஆம் ஆண்டுகளில் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் இரத்தம் உறையாது என்று தெரிந்தபின், இரத்தம் பாட்டிலுக்குள் வந்தது. பாட்டில் வந்ததும் அளவு வந்தது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே அறையில் இருக்கவேண்டிய அவசியமும் போயிற்று.

லண்டன் கேம்பர்வெல் பகுதியில் செஞ்சிலுவைச் சங்கச் செயலாளராக இருந்த பெர்சி ஆலிவர் என்ற அரசு ஊழியர், 1921 அக்டோபரில் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலிருந்து வந்த ஓர் அழைப்பைத் தொடர்ந்து, கூப்பிட்டால் வரும் தொண்டூழியர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். தன்னார்வ இரத்ததான சேவை அங்கிருந்துதான் வேர்விட்டது. டாக்டர் இல்லாத இந்த மனிதர், கொடுப்பவர்களின் நலனுக்காக டாக்டர்களோடு வாதாடினார். நாளத்தைக் கத்தியால் கீறித் திறக்கும் வழக்கத்தை விட்டு ஊசியைப் பயன்படுத்தச் சொன்னார். கொடுப்பவரும் ஒரு மனிதர், அவரையும் கவனிக்கவேண்டும் என்ற எண்ணம் மருத்துவத்துக்குள் நுழைந்ததில் ஆலிவருக்குப் பெரும் பங்கு உண்டு. நம் முகாம்களில் எல்லாரும் கேட்டு வாங்கிக் குடிக்கும் மைலோவுக்குக்கூட அவருக்குக் கொஞ்சம் நன்றி சொல்லலாம்.

நரம்பு செய்யும் வேலை

நம் பேச்சில் 'நரம்பில் ஊசி போடுவது' என்கிறோம். ஊசி ஏறுவது நரம்பில் இல்லை, இரத்த நாளத்தில். ஆனால் மயக்கத்தைப் பொறுத்தவரை உண்மையான குற்றவாளி நரம்புதான்.

மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, தொண்டை, இதயம், நுரையீரல், வயிறு என்று உடலுக்குள் நீண்ட சுற்றுப்பயணம் போகிறது ஒரு நரம்பு. அலைந்து திரிவது என்ற பொருளில் லத்தீனில் அதற்கு வேகஸ் என்று பெயர். இது தூண்டப்பட்டால் இதயத்துடிப்பு குறையும். வலிப்பு நோயில் பெயர்பெற்ற ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கோவர்ஸ், வலிப்பைப் போலத் தோன்றி வலிப்பு அல்லாதவற்றைப் பற்றி 1907இல் ஒரு நூல் எழுதினார். அதில் 'வேசோவேகல்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். இன்றும் மயங்கியவரின் கைகால்கள் சில வினாடி வெட்டி இழுத்தால், நம்மவர்கள் காக்காய் வலிப்பு என்று பதறி இரும்புச் சாவியைத் தேடுகிறார்கள். மூளைக்கு இரத்தம் சற்று நேரம் குறைந்ததன் விளைவு அது. பெரும்பாலும் வலிப்பு நோயோடு தொடர்பு இல்லாதது.

கோவர்ஸின் சொல்லை எடுத்து அதற்குத் தெளிவான பொருள் கொடுத்தவர் லண்டன் இதய மருத்துவர் சர் தாமஸ் லூயிஸ். 1932இல் அவர் விளக்கிய சோதனை எளிமையானது. மயக்கத்தின்போது நாடி மெதுவாகிறது. அட்ரோபின் என்ற மருந்து வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்தி நாடியை மீண்டும் வேகப்படுத்தும். அதைக் கொடுத்தார். நாடி வேகமானது, ஆனால் இரத்த அழுத்தம் தாழ்ந்தே கிடந்தது, மயக்கமும் முழுதாகத் தெளியவில்லை. அப்படியென்றால் இதயம் மெதுவாவது கதையில் பாதிதான். மறுபாதி இரத்தக் குழாய்களில் நடக்கிறது. வேசோ என்பது குழாயைக் குறிக்கும், வேகல் என்பது நரம்பைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கின்றன.

குழாய்களில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டியது போர்க்காலம். 1939இல் போர் தொடங்கியபோது லண்டனைச் சுற்றி ஸ்லவ், லூட்டன், சட்டன், மெய்ட்ஸ்டன் ஆகிய நான்கு இடங்களில் இரத்தக் கிடங்குகள் அமைக்கப்பட்டன. அலுவலகப் பெண்கள், தொழிலாளர்கள், இல்லத்தரசிகள் என்று ஆரோக்கியமான மக்கள் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். மயங்கியவர்களை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு மருத்துவர்களுக்கு முதன்முறையாகக் கிடைத்தது. போல்ஸ், பாய்காட் என்ற இருவர் 1942இல் 'லான்செட்' இதழில் இரத்ததானிகளின் மயக்கம் பற்றியே தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

அடுத்த படியை எடுத்துவைத்தவர்கள் ஹென்றி பார்க்ராஃப்ட், ஓட்டோ எட்ஹோம், ஜான் மக்மைக்கேல், ஷார்ப்பி ஷேஃபர் ஆகிய நால்வர். 1944இல் வெளியான அவர்களுடைய சோதனையில், தொண்டூழியர்களின் தொடைகளில் இறுக்கமான பட்டைகளைக் கட்டிக் காலில் இரத்தத்தைத் தேக்கினார்கள். கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவையும், முன்கையில் ஓடும் இரத்தத்தின் அளவையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரத்தம் குறையக் குறைய இதயம் தள்ளும் அளவு குறைந்தது. உடல் குழாய்களைச் சுருக்கிச் சமாளித்தது. பிறகு ஒரு கட்டத்தில் திடீரென மயக்கம். அந்தக் கணத்தில் முகம் காகிதம் போல வெளுத்துப்போனது; ஆனால் முன்கையின் தசைகளில் இரத்த ஓட்டம் கூடியது!

இதுவரை சுருக்கிப் பிடித்திருந்த குழாய்களை உடல் ஒரே நொடியில் கைவிட்டுவிடுகிறது. தசைகளின் குழாய்கள் அகலத் திறந்துகொள்கின்றன. அழுத்தம் சரிகிறது, தலைக்கு ஏறவேண்டிய இரத்தம் ஏறுவதில்லை. ஒரு கையின் நரம்புகளை மட்டும் மருந்தால் மரக்கவைத்து பார்க்ராஃப்டும் எட்ஹோமும் செய்த சோதனை 1945இல் வெளிவந்தது. மரத்த கையில் இந்தத் திறப்பு நடக்கவில்லை. கட்டளை நரம்பின் வழியாகத்தான் வருகிறது என்பது உறுதியானது.

ஜான் ஹன்டரின் சிவப்பு இரத்தம் நினைவிருக்கிறதா? அகலத் திறந்த குழாய்கள் வழியாக இரத்தம் விரைந்து ஓடும்போது, தசைகளுக்குத் தன் பிராணவாயுவை முழுதாகக் கொடுக்க நேரமில்லை. சிவப்பாகவே திரும்பி வருகிறது. 1773இல் ஒரு பெண்மணியின் கையிலிருந்து வழிந்ததற்கு அர்த்தம் இப்போதுதான் கிடைத்தது.

அறிவியலில் எதுவும் அப்படியே நின்றுவிடுவதில்லை. தசைக் குழாய்கள் திறப்பதைவிட, கால்களிலும் வயிற்றிலும் இரத்தம் தேங்கி இதயத்துக்குத் திரும்புவது குறைவதே பலருக்கு முக்கியக் காரணம் என்று பிற்கால அளவீடுகள் காட்டுகின்றன. 1867இல் ஜெர்மானியரான ஆல்பர்ட் ஃபொன் பெசோல்ட், சில தாவர மருந்துகளை விலங்குகளுக்குச் செலுத்தியபோது நாடியும் அழுத்தமும் ஒன்றாகச் சரிவதைக் கண்டிருந்தார். 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், எலிகளின் இதய அறைகளிலிருந்து மூளைத்தண்டுக்குச் செய்தி கொண்டுபோகும் ஒருவகை நரம்பணுக்களைப் பிரித்தறிந்தார்கள். ஒளியைப் பாய்ச்சி அவற்றைத் தூண்டியதும், ஓடியாடிக்கொண்டிருந்த எலி சில வினாடிகளில் விழுந்தது. எலிக்குச் சத்துக் குறைவும் இல்லை, காலையில் சாப்பிடாமலும் வரவில்லை.

பயமும் நிம்மதியும்

சரி, எல்லாருக்கும் இதே நரம்புதானே, ஏன் சிலர் மட்டும் விழுகிறார்கள்?

முதல் காரணம் எளிய கணக்கு. உடலில் 5.5 லிட்டர் இரத்தம் உள்ள ஒருவரிடம் 450 மில்லிலிட்டர் எடுத்தால் போவது சுமார் 8 விழுக்காடு. 3.5 லிட்டர் மட்டுமே உள்ள சின்ன உடம்புக்காரரிடம் அதே பையை நிரப்பினால் சுமார் 13 விழுக்காடு. பெண்களும் மெலிந்தவர்களும் அதிகம் மயங்குவதற்கு இது பெரிய காரணம். மனத்திடத்தோடு இதைச் சேர்க்கக்கூடாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 45 கிலோவுக்குக் குறைந்தவர்களைத் திருப்பி அனுப்புவதும், எடை குறைந்தவர்களிடம் 450க்குப் பதில் 350 மில்லிலிட்டர் எடுப்பதும் இதனால்தான். பதிவு மேசையில் எடையைக் கூட்டிச் சொல்லும் நம் பெண் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இரண்டாவது வயது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் 2006ஆம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். 16, 17 வயதினரின் தானங்களில் 10.7 விழுக்காட்டிலும், 18, 19 வயதினரிடம் 8.3 விழுக்காட்டிலும் ஏதாவது ஓர் உபாதை பதிவாகியிருந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அது 2.8 விழுக்காடுதான். இவற்றில் பெரும்பாலானவை லேசான தலைச்சுற்றல் வகை. ஐம்பது வயது அம்மா பேருந்து பிடிக்கப் போனதும், கட்டுமஸ்தான இளைஞர் சரிந்ததும் இப்போது விளங்கும். தசை கனமாக இருப்பது இந்த நரம்புக்கு ஒரு பொருட்டே இல்லை. முதன்முறை கொடுப்பது, தூக்கம் குறைவது, தண்ணீர் குடிக்காமல் வருவது, மண்டபத்தின் புழுக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது மனம். ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. பாம்பைக் கண்டு பயந்தவர் மயங்கி விழுவது அபூர்வம். நாடி ஏறும், கால் ஓடும். இரத்தத்தையும் ஊசியையும் கண்டால் மட்டும் சிலருக்கு நாடி முதலில் ஏறி, பிறகு இறங்குகிறது. இரத்ததானிகளின் நாடியையும் அழுத்தத்தையும் தொடர்ந்து அளந்த அமெரிக்க மருத்துவர் டேவிட் கிரஹாம், 1961இல் இதை இரண்டு கட்டமாக விளக்கினார். முதல் கட்டத்தில் பதற்றம். நாடியும் அழுத்தமும் ஏறுகின்றன. பதற்றம் சட்டென்று நீங்கும்போது இரண்டாம் கட்டம். ஏறியவை நிலைதவறிக் கீழே விழுகின்றன. பயத்தில் விழுவதைவிட, 'அப்பாடா, முடிந்தது' என்ற நிம்மதியில் விழுபவர்கள் உண்டு என்பது இதன் பொருள். ஊசியை எடுத்த பிறகு, மைலோ மேசைக்குப் பக்கத்தில் பலர் சரிவதற்கு இது ஒரு காரணம். எழுந்து நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்குவது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன.

அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பது நம்மவர்கள் செய்யும் முதல் காரியம். அதுதான் தவறு. உட்காரவைத்தால் தலைக்கு இரத்தம் ஏறுவது இன்னும் தாமதமாகும். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் போதும். பெரும்பாலோர்க்கு ஓரிரு நிமிடங்களில் கண் திறந்துவிடும். தைலம் தேய்ப்பவர் தேய்த்துக்கொள்ளட்டும், நிமிர்த்தாமல் இருந்தால் சரி.

தடுக்கும் வழிகளுக்கு வருவோம். சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட், இரத்தத்தைக் கண்டால் மயங்குகிறவர்களுக்காக 1987இல் ஒரு பயிற்சியை வெளியிட்டார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10, 15 வினாடி இறுக்கிப் பிடிக்கவேண்டும். பிறகு 20, 30 வினாடி தளர விடவேண்டும், முழுதாகத் துவண்டுவிடாமல். திரும்பத் திரும்ப ஐந்து முறை. இறுகிய தசைகள் காலில் தேங்கிய இரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன, அழுத்தம் ஏறுகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளைன் டிட்டோவும் அவர் குழுவினரும் இதை இரத்ததானிகளிடம் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குத் தலைச்சுற்றல் போன்ற அறிகுறிகள் குறைந்தன. முடிதிருத்துபவரின் கோலை இறுகப் பிடித்திருந்த அந்தக் கால நோயாளி, நாளம் புடைக்க என்று நினைத்துச் செய்ததில் இந்தப் பலனும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம்.

இன்னொரு மருந்து தண்ணீர். சுமார் அரை லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்தால் நரம்பு மண்டலம் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்பதை அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் 2000ஆம் ஆண்டில் விவரித்தார்கள். அந்த நாட்டின் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் தானத்துக்குச் சற்று முன் 473 மில்லிலிட்டர் தண்ணீர் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. மயக்கம், தலைச்சுற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முழுதாக நிற்கவில்லை, ஆனால் ஒரு போத்தல் தண்ணீருக்கு இது பெரிய வரவு.

ஒருமுறை மயங்கியவருக்கு மறுமுறை மயங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஆனாலும் பெரும்பாலோர்க்கு அது மீண்டும் வருவதில்லை. அவர் செய்யவேண்டியது, பதிவு மேசையிலேயே 'போன தடவை எனக்கு மயக்கம் வந்தது' என்று தாதியிடம் சொல்லிவிடுவது. சொன்னால் அவரை நன்றாகச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். ஊசி இருக்கும் கையை விட்டுவிட்டு மற்ற தசைகளை இறுக்கச் சொல்வார்கள். முடிந்ததும் அவசரமாக எழுப்பாமல் கூடுதல் நேரம் படுக்கவிட்டு, மைலோவைக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள்.